தூரமாகாத மருமகள்

பிள்ளை இல்லை என்று முடிவாகிவிட்ட பிறகு ஒரு பெண்ணின் கருப்பை யாருடைய கவலை? அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டிபன் கடை வைத்திருக்கும் கன்னியம்மாளின் வாழ்க்கை பல வருஷங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளே அதைக் காதில் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஊர் ஊராக டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். நீர்க்கட்டி என்றார்கள். அதனால்தான் மாதவிலக்கு தள்ளிப்போகிறது, உடம்பு போடுகிறது, தாடையில் முடி முளைக்கிறது என்றார்கள். கொடுத்த மருந்தெல்லாம் பிள்ளைக்காக. பிள்ளை நிற்கவில்லை. முப்பது கடந்ததும் கணவன் சகாதேவன், "போதும் கன்னி, உனக்கு நான், எனக்கு நீ" என்றான். அன்போடுதான் சொன்னான். மருந்தை நிறுத்தியதோடு நோயும் முடிந்துபோனதாக இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு விலக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தால் ஜாஸ்தி. இந்தக் குறையைக் குடும்பம் வசதியாக மாற்றிக்கொண்டது. பங்காளிகள் சேர்ந்து நடத்தும் அம்மன் கோயிலில் பௌர்ணமிதோறும் பொங்கல் வைத்து, மலை சுற்றுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். தூரமான பெண், அதாவது விலக்கானவள், அடுப்பண்டை வரக்கூடாது. மற்ற மருமகள்களுக்கு ஏதாவதொரு பௌர்ணமி இடிக்கும். கன்னியம்மாளுக்கு இடிக்காது. பொங்கல் கரண்டி நிரந்தரமாக அவள் கைக்கு வந்தது.

"எங்க பெரியவ தூரமே ஆவமாட்டா. அம்மனாப் பாத்து குடுத்த வரம்" என்பாள் மாமியார் பாஞ்சாலை. பிள்ளை பெறாதவள் என்று ஏசிய அதே வாய்தான். ஏச்சு வாங்கியே பழகியவளுக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தால், அது எதற்குக் கிடைக்கிறது என்று ஆராயத் தோன்றாது.

நாற்பதை நெருங்கும்போது ஒரு தடவை வந்த உதிரம் நிற்கவில்லை. வாரங்கள் ஓடின. ஒரு காலையில் தோசை திருப்பும்போது கண் இருட்டி, சூடான கல்லின் மேலேயே கையை ஊன்றிவிட்டாள். சகாதேவன் ஆட்டோ பிடித்து டவுனுக்கு அழைத்துப்போனான்.

டாக்டர் ரேவதி ஸ்கேன் எடுத்தார். கருப்பையின் உள்சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று கேட்டார்: "மாசா மாசம் வரலன்னா ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரல?"

"கொழந்ததான் வேணாம்னு உட்டுட்டமேங்க."

"நீங்க கொழந்தய உட்டீங்க, நோய் உங்கள உடலயே. உள்ள இருக்கிற சவ்வு வெளியேறாம தடிச்சுக்கிட்டே போயிருக்கு. நல்லவேளை, புத்து இல்ல. இப்படியே உட்டா நாளைக்கு ஆவலாம். சுகரும் இருக்கு. பிரஷரும் ஜாஸ்தி. எல்லாம் ஒரே கூட்டம்தான்."

"கொறட்ட கூடங்க" என்றான் சகாதேவன். "லாரி மேட்டுல ஏறுற மாதிரி."

"சிரிக்காதீங்க. அதுவும் இந்தக் கூட்டத்துல சேந்ததா இருக்கலாம். அதையும் பாக்கணும்."

விலக்கை வரவைக்க ஒரு மாத்திரை, சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. தினமும் நடை. வருஷம் தவறாமல் பரிசோதனை. பாதியில் விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று கன்னியம்மாள் தூரமானாள். மற்ற மருமகள்களுக்கோ பழக்கம் விட்டுப்போயிருந்தது; கரண்டியைத் தொட ஆளில்லாமல் கோயிலில் பெரிய குழப்பம். மறுநாள் பாஞ்சாலை கடைக்கே வந்துவிட்டாள்.

"வராதத மாத்தர போட்டு வரவெப்பாங்களா? தீபம் வருது. அதுவரைக்கும் நிறுத்தி வையி."

"நிறுத்த மாட்டன் அத்த."

"நாலு நாள் தள்ளியாச்சும் போடு. டாக்டரம்மாவ கேளு."

"கேட்டா தள்ளிக் குடுப்பாங்க. நான் கேக்க மாட்டன்."

"அப்ப யாரு பொங்க வெக்கிறது?"

"இத்தினி வருசமா உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டு இருந்தததான் வரம்னு சொன்னீங்க. அந்த வரத்த வேற யாருக்காச்சும் வாங்கிக் குடுங்க."

பாஞ்சாலை மகனைப் பார்த்தாள். அவன் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். "மாத்தர சாப்புடுறது அவ. என்ன ஏன் பாக்குற?"

கன்னியம்மாளை வீராங்கனை என்று சொல்லிவிட முடியாது. ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒளித்துச் சர்க்கரை டீ குடித்து மாட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் மாத்திரையை விடவில்லை. விடிகாலையில் பாதையில் வேகமாக நடந்தாள். "புள்ளையா குட்டியா, யாருக்காக இந்த ஓட்டம்?" என்று பூக்காரி ஒருத்தி சீண்டினாள். "நான் ஒருத்தி இருக்கறனே, எனக்குத்தான்" என்று நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள்.

யாருக்காகவும் தேதியை மாற்றவில்லை. ஆனாலும் அந்தக் கார்த்திகையில் விலக்கு தீபத்துக்கு முன்பே வந்து முடிந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு கோயிலுக்கு வந்தவளைக் கண்டு பாஞ்சாலைக்கு உயிர் வந்தது. "பாத்தியா, அம்மன் உன்ன கைவுடல" என்று கரண்டியை நீட்டினாள்.

கன்னியம்மாள் வாங்கிக்கொண்டாள். கொதிக்கும் அரிசியை ஒரு முறை கிளறினாள். கொழுந்தன் மனைவி சரோஜா அன்று தூரம்; வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தாள். கன்னியம்மாள் கரண்டியோடு வேலியைத் தாண்டிப் போய் அவள் கையில் அதை வைத்தாள்.

"அக்கா, நான் தூரம்கா."

"தெரியும். அடி புடிக்கும், சீக்கிரம் போ."

பிறகு கன்னியம்மாள் மலை சுற்றும் கூட்டத்தோடு கலந்து நடந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பாஞ்சாலை கேட்டாள், சகாதேவன் கேட்டான், சரோஜாவே கேட்டாள். கன்னியம்மாள் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.