கடமானின் மூக்கில் ஏற்றிய விளக்கு

பேனாட்டுக்கு அந்த மைதானத்தில் இது பத்தொன்பதாவது வருடம். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் வளவுக்குள்ளேயே இருக்கும் கால்பந்து மைதானம் அது. பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், அவர்களிடம் வழக்கறிஞர்கள் அதிகம். மூவாயிரம் பேர் இருந்து பார்க்கலாம். இருநூறு பேர் வருவார்கள். அதில் பாதி, விளையாடும் பிள்ளைகளின் தாய் தகப்பன். மீதி, இலவச ஹொட்டோக்குக்கு வந்தவர்கள். ஆனாலும் ஒலிபெருக்கிக்காரர் மூவாயிரம் பேரும் வந்துவிட்டதுபோலத்தான் கத்துவார்.

பேனாட்டின் வேலை புல்லைப் பார்ப்பது. புல் என்றால் பச்சை பிளாஸ்ரிக். அதன் நடுவில் பல்கலைக்கழகச் சின்னமான கடமானின் தலை, ஒரு லொறி அளவில். யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்த மனுசன் வெக்ஸ்போர்ட்டில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து, வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கடமானுக்குத் தலை வாரிவிட்டார். சுவிங்கம் ஒட்டியிருந்தால் கத்தியோடு குந்திவிடுவார். பல்கலைக்கழகத் தலைவரின் மனைவியையே ஒருமுறை குதி உயர்ந்த சப்பாத்தோடு புல்லில் கால் வைக்க விடவில்லை.

"என்ரை தலைமயிரை ஒருநாளாவது உப்பிடிக் கவனிச்சிருப்பியளோ?" என்று வீட்டில் மனைவி றோஸ்மேரி கேட்பாள்.

வருடக் கடைசி ஆட்டத்தில் நன்றி சொல்லும் சடங்கு ஒன்று உண்டு. பயிற்சியாளர், பாண்ட் வாத்தியக்காரர், பீட்சாக் கடைக்காரர், கடமான் வேஷத்துக்குள் வியர்த்து வழியும் மாணவன் என்று எல்லோருக்கும் மைக்கில் பெயர் சொல்லி நன்றி. ஒரு வருடம் நல்ல வெயிலுக்குக்கூட நன்றி சொன்னார்கள். பேனாட்டின் பெயர் மட்டும் ஒரு தடவையும் வரவில்லை. அது அவரைச் சுட்டது. வெளியில் சொல்லமாட்டார்.

இந்த ஆவணியில் மைதானத்துக்கு மேற்பார்வையாளர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலை கிடைத்தால் பெயர் வாசற்பலகையில் ஏறும். பேனாட் விண்ணப்பித்தார். நேர்முகம் புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு ஓர் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி. "நல்ல சனம், நான் பொறுப்பு," என்று சொல்லி அவர்களுக்கு மைதானத்தை எடுத்துக் கொடுத்தவரும் பேனாட்தான். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் சங்கங்களைப் பற்றி அவருக்கு விளங்கவில்லை.

சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா, வீடு விற்பவர். காலையிலேயே குத்துவிளக்கோடு வந்து இறங்கினார்.

"அண்ணை, விளக்கைப் புல்லிலை வைக்கேலாது. கோல் போஸ்ற்றுக்குப் பின்னாலை சீமெந்து நிலம் இருக்கு, அங்கை வையுங்கோ."

"ஓம் ஓம், உது எங்களுக்குத் தெரியாதே?"

பேனாட் அடைத்துப்போன கழிவறைக் குழாய் ஒன்றைப் பார்க்கப் போனார். அந்த இருபது நிமிடத்தில், சீமெந்து நிலத்துக்குப் பின்னால் குப்பைத்தொட்டி தெரிகிறது என்று படம் எடுப்பவர் குறை சொன்னார். வரலாற்றில் குப்பைத்தொட்டி இடம்பெறலாமா? விளக்கு நடுமைதானத்துக்குப் போனது, நேரே கடமானின் மூக்குக்கு. அடியில் பாதுகாப்புக்காக ஒரு பீட்சாப் பெட்டி வைத்தார்கள்.

பேனாட் வெளியே வந்து பார்த்தபோது நான்கு திரிகள் எரிந்துகொண்டிருந்தன. தலைவர், தலைவரின் மனைவி பேபி, காப்புறுதிக்காரர், மோட்கேஜ்காரர் ஆளுக்கொன்று ஏற்றியிருந்தார்கள். ஐந்தாவது திரிக்கு வரவேண்டிய நகரசபை உறுப்பினர் வரவில்லை. தலைவர் ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பேனாட் ஓடிவந்தார்.

"அடுத்ததாக," என்றது மைக், "இந்த மாபெரும் மைதானத்தைத் தன் தோளில் தாங்கி நிற்கும் எங்கள் மண்ணின் மைந்தன், உயர்திரு பேனாட் அவர்களை மங்கல விளக்கேற்றி வைக்குமாறு பணிவன்புடன் அழைக்கிறோம்!"

ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். பேனாட் நின்றுவிட்டார். 'தூக்குங்கோ' என்ற சொல் வாய்வரை வந்திருந்தது. கையில் மெழுகுதிரியைக் கொடுத்ததும் சொல் உள்ளே போய்விட்டது. ஒரு நிமிடம்தானே, பிறகு தூக்கலாம் என்று நினைத்தார். ஏற்றினார். பொன்னாடை தோளில் விழுந்தது. மறைப்பதற்கென்ன, அழுதார்.

பிறகு உரைகள் தொடங்கின. தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. விளக்கை அணைக்கச் சொல்லிப் பேனாட் தலைவரின் காதுக்குள் கெஞ்சினார்.

"அண்ணை, நூத்துப்போட்டுத் தூக்குவம்."

"மங்கல விளக்கை நூர்க்கிறதோ? நீர் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், உமக்கு உது விளங்காது."

மண்ணின் மைந்தன் வேதக்காரனாக அரைமணி நேரம்தான் பிடித்தது. சிறப்புரையின் நடுவில் காற்றடித்து விளக்குச் சரிந்தது. எண்ணெய் பெட்டியில் கொட்டி, பெட்டி பற்றியது. பேனாட் பொன்னாடையாலேயே அடித்து அணைத்தார். பொன்னாடையும் பிளாஸ்ரிக்தான், அதுவும் உருகிப் புல்லோடு ஒட்டிக்கொண்டது. கடமானுக்கு மூக்கிருந்த இடத்தில் தோசைக்கல் அளவு கறுப்பு ஓட்டை.

புதன்கிழமை நேர்முகத்தில் இருந்தவர் மனேஜர் ஹரிஷ், சென்னையில் இருந்து வந்த இளைஞர். கேள்வித்தாளை ஒதுக்கிவைத்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார்.

"அண்ணா, சங்கத்துலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. விளக்கேத்தினது உங்க ஸ்டாஃப்தான், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதி, போட்டோவும் அனுப்பியிருக்காங்க. இது நீங்கதானே?"

படத்தில் பேனாட் மட்டும் இருந்தார். பொன்னாடை, மெழுகுதிரி, கலங்கிய கண். இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தது. செத்தவீட்டுப் படத்தில்கூட நடுவில் நிற்கும் ஸ்ரீஸ்கந்தராசா, அடுத்த வருடமும் மைதானம் வேண்டுமென்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்னைத்தானே வெட்டி எறிந்திருந்தார்.

"கூட யார் யார் ஏத்தினாங்கன்னு பேரைக் கொடுங்க அண்ணா. நான் மேலே பேசிப் பார்க்கிறேன். இல்லேன்னா இந்த வேலை உங்களுக்குக் கிடைக்காது."

பேனாட் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்கிலை பேர் சொல்லிக் கூப்பிட்டவை, தம்பி. நான் போனனான்."

ஹரிஷ் ஒதுக்கிவைத்த கேள்வித்தாளை எடுத்தார். அதில் ஏதோ எழுதி மடித்தார். பேனாட் போனை மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"அந்தப் படத்தை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ. றோஸ்மேரிக்குக் காட்டவேணும்."