திருவாதிரையை நகர்த்திய வான்கோழி

ஆஸ்திரேலியப் புறநகரான பென்டில் ஹில்லில் வாழும் ஜெயரட்ணம், அலுவலகத்தில் ‘ஜெய்’. அரைக் காற்சட்டையும் முழங்காலைத் தொடும் வெள்ளைக் காலுறையும் அணிந்து, கிரிக்கெட்டைப் பற்றி அளவாகப் பேசும் பொறியியலாளர். வீடு திரும்பியதும் சைவத்தின் காவலராகிவிடுவார். மாமனார் யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்டுதோறும் அனுப்பும் பஞ்சாங்கம் அந்த வட்டாரத்தில் அவரிடம் மட்டுமே இருந்தது. எந்த விரதம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை அங்கிருந்த சில தமிழ்க் குடும்பங்கள் அவருடைய தொலைபேசி அழைப்பைக் கொண்டே அறிந்தன. விரதநாளில் மீன் பொரித்த வீட்டை அவர் ஓராண்டுக்கு மறப்பதில்லை.

1977ஆம் ஆண்டு மார்கழியில் அவருடைய மேலதிகாரி ஹார்வி, கிறிஸ்மஸ் இரவுச் சாப்பாட்டுக்கு மனைவியுடன் வர இசைந்துவிட்டார். பெப்ரவரியில் உதவி அதிகாரியின் நாற்காலி காலியாகப்போவதாக இருந்தது. ‘ஜெய் நம்மைப் போன்றவன்தான்’ என்று ஹார்வியின் வாய் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் என்று நம்பினார் ஜெயரட்ணம்.

ஆகவே உணவுத் திட்டம் மூன்று வாரங்கள் தீட்டப்பட்டது. முதலில் கண்ணாடிக் கிண்ணத்தில் இறால். பின்னர், பாண்தூள் அடைத்து அவண் அடுப்பில் வாட்டிய வான்கோழி. உடன் உருளைக்கிழங்கு, பட்டாணி, கிரேவி, முடிவில் புடிங். மிளகாய்த்தூள் குசினியை விட்டே நாடு கடத்தப்பட்டது.

“கறி ஒண்டும் வேண்டாமோ?” என்றாள் மனைவி யோகராணி.

“கறி மணத்தால்தான் எங்கடை ஆக்கள் முன்னேறாமல் கிடக்கினம்.”

தம் நாகரிகத்துக்குச் சாட்சியாக நண்பர் இரத்தினசிங்கத்தையும் அவர் மனைவி ரஞ்சினியையும் அழைத்தார். கணித ஆசிரியரான இரத்தினசிங்கம் தொலைபேசியிலேயே நாட்களை எண்ணிப் பார்த்தார்.

“அண்ணை, கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமையெல்லே? திங்கள் விடியத் திருவாதிரை, அதுவரைக்கும் திருவெம்பாவை விரதம், மச்சம் மாமிசம் தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே போன கிழமை எடுத்துச் சொன்னனீங்கள்?”

ஜெயரட்ணம் தொலைபேசியை வைத்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். அலுவலக நாட்காட்டியில் கிறிஸ்மஸையும் பஞ்சாங்கத்தில் திருவாதிரையையும் தம் கையாலேயே வட்டமிட்டவர், இரண்டையும் ஒருமுறைகூட அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

“சாப்பாட்டை வேறை நாளுக்கு மாத்துங்கோவன்,” என்றாள் யோகராணி.

“கிறிஸ்மஸை மாத்தேலாது. திருவாதிரையை மாத்தலாம்.”

அன்று மாலையே இரத்தினசிங்கத்தை மறுபடியும் தொலைபேசியில் அழைத்தார். “பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துக்குக் கணிச்சது, தம்பி. இஞ்சை சூரியன் அஞ்சு மணித்தியாலம் முந்தி உதிக்குது. அதாலை திருவாதிரை ஞாயிறு காலமையே வந்திடும். இரவுக்கு மச்சம் தின்னலாம்.”

“அஞ்சு மணித்தியாலத்துக்கு எப்பிடியண்ணை ஒரு முழு நாள் கழியும்?”

“வானசாஸ்திரம் உமக்கு விளங்காது.”

“அப்ப போன சிவராத்திரிக்கு நாங்கள் பிழையான இரவிலையே முழிச்சிருந்தனாங்கள்?”

ஜெயரட்ணம் வாசலில் யாரோ வந்திருப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஞாயிறு மாலையும் டிசம்பர்க் கோடை வெயில் தணியவில்லை. அவணின் சூட்டில் வீடே வெந்தது. வான்கோழி பொன்னிறத்தில் மேசைக்கு வந்தபோது ஹார்வி தம் மனைவியைப் பார்த்தார். அவள் தன் தட்டைப் பார்த்தாள். நண்பகலில் மாமியார் வீட்டில் வயிறு முட்ட வான்கோழி தின்றதாகவும், அதன் முகத்தில் இனி விழிக்கவே முடியாது என்றும், இந்த வீட்டில் நல்ல காரமான கறி கிடைக்கும் என்ற ஆசையில்தான் இரவுக்கு வர இசைந்ததாகவும் ஹார்வி வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார்.

“எங்களுக்கும் வேண்டாம், அக்கா,” என்றாள், இறால் கிண்ணத்தையும் தொட்டிராத ரஞ்சினி. “அண்ணை ரெண்டு கணக்குச் சொன்னவர். எது சரியெண்டு தெரியேல்லை. எதுக்கும் நாளை விடியுமட்டும் விரதம் பிடிப்பமெண்டு நினைச்சம்.”

யோகராணி எழுந்து குசினிக்குப் போனாள். தனக்கென்று மறைத்துவைத்திருந்த சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. ரஞ்சினி கொணர்ந்த அப்பளப் பொட்டலமும் பிரிந்தது. ஹார்வி புழுக்கம் தாளாமல் தம் நீளக் காலுறையைக் கழற்றி எறிந்து, கையால் பிசைந்து, மூக்கு ஒழுக உண்டார். குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கினார்.

ஜெயரட்ணத்தின் கை தன்னையறியாமல் சோற்றுச் சட்டியை நோக்கி நீண்டது. இரத்தினசிங்கம் அதைப் பணிவோடு அப்பால் நகர்த்தினார்.

“இது விரதகாரரின்ரை சாப்பாடு, அண்ணை. உங்களுக்குத்தான் காலமையே முடிஞ்சுதே. வான்கோழியை வடிவாச் சாப்பிடுங்கோ.”

“ஜெய்க்கு வான்கோழி என்றால் உயிர்போலும்!” என்று ஹார்வி வியந்து, ஒரு முழுத் தொடையை அவர் தட்டில் வைத்தார்.

ஜெயரட்ணம் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்து, முறை தவறாமல் வெட்டத் தொடங்கினார்.