காத்திருக்கும் வட்டம்

இடது உள்ளங்கை வயிற்றின் மேல், வலது கையில் போன், வாய் பாதி திறந்தபடி. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போன பிறகும் மனிதர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். திரையில் ஒரு நீல வட்டம் விரிகிறது. அவர் வயிறும் விரிகிறது. வட்டம் சுருங்குகிறது, அதுவும் சுருங்குகிறது. “சாப்பிட வரலையா சார்?” என்று கேட்டால், மூச்சை விட்டு முடித்த பிறகுதான் பதில் வரும். “நீங்க போங்கம்மா. இது இன்னும் சரியா வரலை.”

எங்கள் அலுவலகம் மூச்சுப் பயிற்சிக்கான செயலி ஒன்றை நடத்துகிறது. பழைய செயலியைப் புதிதாக வடிவமைக்கும் பொறுப்பு இவருடையது. நாள் முழுக்க வட்டமாகப் போட்டுத் தள்ளுவதால் பெயரே வட்டம் சார் என்றாகிவிட்டது. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்வதில்லை. திரையில் வரும் வாக்கியங்களை எழுதுவது என் வேலை. ‘மெதுவாக மூச்சை இழுங்கள்’ என்று எழுதுவதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை.

வட்டம் சாருக்கு ஒரு பொல்லாத பழக்கம். எதிரே யார் வந்தாலும் அவர்கள் மூச்சைக் கவனிப்பார். லிஃப்டில் இப்படிப் பார்த்து வைக்க, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி புகார் கொடுத்துவிட்டாள். மனிதர் கூனிக் குறுகிப் போனார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து முதுகை மட்டும்தான் பார்க்கிறார். “முதுகுலயே தெரியும்மா. சட்டைத் தையல் ஏறி இறங்கும், பாருங்க” என்றார் என்னிடம். அப்புறம் கொஞ்ச நாள் நான் சுவரோரமாகவே நடமாடினேன்.

வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தனக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளாதவர். அவருக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே வரும் நோய். குணமாகாது, தள்ளிப்போடலாம், தினமும் மூச்சுப் பயிற்சி செய்யட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஆள் பெருமையாக எங்கள் செயலியையே கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா இழுத்துப் பார்த்தார். அவர் மூச்சு முடிந்துவிட்டது. வட்டம் மட்டும் விரிந்துகொண்டே போனது. “எனக்கு முடிஞ்சிடுச்சுடா, இது பாட்டுக்குப் போகுது” என்று போனைக் கவிழ்த்து வைத்தவர் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. அந்தப் பழைய வட்டத்தை வரைந்ததும் வட்டம் சார்தான். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் உடையும்.

ஆகவே புதிய வடிவத்தில் எண்ணிக்கை இல்லை. மணியோசை இல்லை. கட்டைவிரலைத் திரையில் வைத்து அழுத்தினால் வட்டம் விரியும், எடுத்தால் சுருங்கும். எடுத்த விரல் திரும்பி வரும்வரை ஒரு புள்ளியாக நின்று காத்திருக்கும். சோதனைப் பதிப்பை அக்காவின் போனில் போட்டுக் கொடுத்தார். “இதுவாவது நான் சொல்றதைக் கேக்குதே!” என்றாராம் அக்கா. அதைச் சொல்ல வட்டம் சார் என் மேஜைக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் அலுவலகச் சோதனை கேலிக்கூத்தாகிவிட்டது. விரல் வைப்பதற்கு முன் வட்டம் கொஞ்ச நேரம் தானாக விரிந்து சுருங்கி வழிகாட்டும். சோதிக்க வந்த வாட்டசாட்டமான ஆட்கள் அதைப் பார்த்துப் புஸ் புஸ்ஸென்று இழுத்து விட்டார்கள். தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். மேனேஜர் தலையில் கை வைத்தார். “யாரு மூச்சு சார் இது?”

“எங்க அக்காவோடது. வீட்ல அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். எல்லாருக்கும் அவ்வளவுதான்னு நெனச்சிட்டேன்.”

மேனேஜர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

அந்த அளவை மாற்றிக் கொடுத்தார். அதோடு விட்டதா? புள்ளி காத்திருப்பதில் வந்தது வினை. “சும்மா நின்னா ஆளுங்க வேற பக்கம் போயிடுவாங்க சார். கொஞ்ச நேரம் விரல் படலைன்னா ‘இருக்கிறீர்களா?’ன்னு கேட்டுடணும்” என்றார் மேனேஜர். அதிர்ந்து பேசாத வட்டம் சார் அன்று கெஞ்சினார். “வேற என்ன வேணா போடுங்க. அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம். சிலருக்கு அடுத்த மூச்சு வர நேரமாகும் சார்.” மேனேஜர் கெட்டவரில்லை, அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். கேள்வி சேர்ந்துவிட்டது. எழுதியது நான்தான். ஒரே ஒரு வார்த்தை. கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

போன வாரம் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாலையில் பார்க்கப் போனேன். மூக்கும் வாயும் முகமூடிக்குள் இருக்க, கண்மூடிக் கிடந்தார் அக்கா. விரலை அழுத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. கட்டிலருகே வட்டம் சார். மடியில் அக்காவின் போன். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர் கண் போர்வையின் ஓரத் தையலில் இருந்தது. தையல் ஏறினால் அவர் கட்டைவிரல் திரையை அழுத்தும். இறங்கினால் விரல் எழும்பும்.

“அவங்களால முடியலம்மா. அதான், நான் போட்டுக் கொடுக்கறேன்” என்றார் மெதுவாக. பெருமூச்சு விடவும் பயந்துகொண்டு நின்றேன்.

தையல் இறங்கியது. விரல் எழும்பிக் கண்ணாடிக்குச் சற்று மேலே நின்றது. திரையில் வட்டம் சுருங்கிப் புள்ளியானது. தையல் ஏறவில்லை. நானும் பார்த்தேன், ஏறவில்லை. புதிய பதிப்பு அந்தப் போனில் தானாகவே ஏறியிருக்க வேண்டும். புள்ளிக்குக் கீழே நான் எழுதியது வந்து நின்றது: ‘இருக்கிறீர்களா?’

ஒரு கணம் குனிந்து பார்த்தார். பிறகு பார்வையைப் போர்வைக்கே கொண்டுபோய், வலது கட்டைவிரலைக் கண்ணாடிக்கு மேலே நின்ற இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, இடது உள்ளங்கையால் அந்த வார்த்தையை மூடினார்.