மாரிமுத்து அண்ணன் நம்பாத தரை

மாரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று றொசல்லையிலிருந்து அவர் மருமகன் போனில் சொன்னபோது நான் பொகவந்தலாவை பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். "நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டேன். முன்பு அவர் காய்ச்சலில் படுத்தபோதே தேயிலைத் தோட்டமே ஒரு தடவை புரளி கிளப்பி அவரைச் சாகடித்துவிட்டது. அதோடு, என் சாவுச் செய்தி அவருக்குப் போயிருந்தால் அவரும் முதலில் இதைத்தான் கேட்டிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்: அவர் முப்பது வருஷம் தோட்டத் துரையின் பங்களாவில் வேலை பார்த்தார். அந்த வரவேற்பறையில் மீன் முள் மாதிரி சாய்த்துச் சாய்த்துப் பதித்த மரத்தரை. பாதித் தேங்காய் மட்டையைக் காலில் மிதித்து, பொலிஷ் போட்டுத் தேய்த்து, முகம் தெரிய வைத்தவர் அவர். ஆனால் அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. ஓய்வு பெற்றுச் சொந்தமாக வீடு கட்டியபோது அவருக்கு ஒரே ஆசை: பங்களா மாதிரி முன்னறை, அதே மீன்முள் தரை, அதில் தானும் அண்ணியும் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

தரை வாங்க என்னைத்தான் அட்டனுக்குக் கூட்டிப் போனார். அட்டனில் என்னைத் தெரியாத கடை கிடையாது. தெரியாத கடைக்காரரும் என்னைக் கண்டால் எழுந்துவிடுவார். அன்றும் அப்படித்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எனக்கு மட்டும் பால் போடாத பிளேன்டி ஒன்று நீட்டினார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஒனக்கு மட்டும் ஏன்டா தேத்தண்ணி?"

"என் முகத்துல ஒரு களை இருக்குண்ணே."

"களையா? ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க."

வாய்க்குக் கொண்டுபோன பிளேன்டியைப் பிடுங்கினார். மேசையில் இருந்த மரத்துண்டில் பாதி, மர நிறத்து வினைல் பிளாஸ்டிக் துண்டில் பாதி ஊற்றினார். "சாப்புட்டுட்டு வாறோம். யாரும் துடைக்கக் கூடாது."

திரும்பி வந்தபோது மரத்துண்டு ஓரத்தில் வீங்கியிருந்தது. நம்ம ஊர் மூடுபனிக்கு இது தாங்காது என்று நான் உடனே கண்டுபிடித்துச் சொன்னேன். கடைக்காரர் வினைலைத் தூக்கினார்: "அச்சு அசல் மரந்தான் ஐயா."

அண்ணன் மோந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பெட்டியிலிருந்த பட்டைகளை எல்லாம் பரப்பினார். கிளை ஒடிந்த தழும்பு மாதிரி ஒரு கணுவில் விரலை வைத்தார். "இந்தக் கணு அந்தப் பட்டையிலயும் இருக்கு. இதோ, மூணாவதுலயும். ஒரே கணு எத்தன எடத்துல மொளைக்கும்?" கடைக்காரரின் சிரிப்பு நின்றது. இரண்டையும் வாங்காமல் திரும்பினோம்.

முடிவைச் சொன்னது அண்ணி. "மரமே போடுங்க. ஆனா மட்டைய யாரு கால்ல போடுறது? ஒங்க முட்டி போயிருச்சு. நானா?"

அண்ணன் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். மறுநாள் போய், தேய்க்கத் தேவையில்லாத வினைலையே வாங்கினார். பதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கணு உள்ள பட்டைகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். "ஒரு கள்ளனுக்குப் பக்கத்துல இன்னொரு கள்ளன ஒக்கார வைக்காத." எந்தத் துரை பார்த்தாலும் அந்தத் தரை அசல் மரம்தான்.

வேலை முடிந்த அன்று நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். கத்தினார். "மாட்டுடா! அங்க தொர சப்பாத்தோட நடந்தாரு. நான் வெறுங்காலோட தேச்சேன். இங்க எல்லாரும் சப்பாத்தோடதான் வரணும்."

பிறகு அண்ணியை இழுத்து உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் குனிந்து குனிந்து கணுவைத்தான் தேடினார்.

சாவு வீட்டில் வாசல் முழுக்கச் செருப்பு. நான் மட்டும் சேற்றுச் சப்பாத்தோடு உள்ளே போனேன். "என்ன மாமா இது?" என்று ஒருவன் மறித்தான்.

அண்ணி தலை நிமிர்ந்தார். "விடு தம்பி. கழட்டியிருந்தாத்தான் அவரு கேட்டிருப்பாரு."

அவரைக் கிடத்தியிருந்தது அந்தத் தரையில்தான். தலைமாட்டில் ஒரு கணு. கால்மாட்டில் அதே கணு இருக்கிறதா என்று என் கண் தானாகத் தேடியது. இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: யாராவது சிரித்துக்கொண்டே எனக்குத் தேநீர் நீட்டினால், குடிக்கும் முன் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்க்கிறேன். அது வெறுமையாக இருந்தால் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.