மாடிக்குப் போன வயர்

கண்ணுகளா, "எங்கப்பா மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனாரு, நெட்டு வந்துருச்சு" என்று நீங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சின்னவனே, உன் டியூஷன் டீச்சர்கூட என்னைப் பார்த்தபோது அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் நடந்தது அது இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், என் தப்பையும் சேர்த்துத்தான்.

அம்மா கம்பெனிப் படிக்கட்டில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அவள் காலைவிடக் கம்பெனியில் தான் உட்காரும் சீட்டை நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட்டாள் என்பது தெரியாது. நீங்கள் பிறப்பதற்கு முன்பு அவள் அதே கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் ஹெல்பர். அட்டைப் பெட்டிகளின் மேல் மார்க்கர் பேனாவால் எண் எழுதுகிற வேலை. வேலை முடிந்து சாயங்காலம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்ப் படித்தாள். சேலையெல்லாம் மார்க்கர் மை. அப்படிப் படித்துத்தான், எந்தப் பெட்டிக்குள் எந்த சைஸ் துணி, என்ன கலர் என்று பட்டியல் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற மேஜைக்கு வந்தாள். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டபோது, கட்டுப்போட்ட காலோடு அவள் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணியிலிருந்து நெட் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம் ஓடும், பத்து நிமிஷம் நிற்கும். அனுப்பின பட்டியல் பாதியில் நிற்கும். ஒரு வாரம் இப்படியே போனது. புதன்கிழமை மேனேஜர் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஏனுங்கக்கா, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளிநாட்டுல நம்ம துணி வாங்கற பையர் லைன்ல வர்றாங்க. பெட்டி பெட்டியா உங்க கூடப் பாத்துச் சரி பண்ணுனாத்தான் கன்டெய்னர் கெளம்பும். நடுவுல கட் ஆச்சுன்னா நான் மேல பதில் சொல்ல முடியாதுங்க. உங்க சீட்டுல வேற புள்ளையத்தான் உக்கார வெக்கோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க சார்" என்றாள் அம்மா. வைத்த பிறகு என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நம் வீட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கீழே நாம், மாடியில் உங்கள் பெரியப்பா வீடு, இரண்டுக்கும் ஒரே கனெக்ஷன். கேபிள்காரர் வைத்த புதுப்பெட்டி கீழே நம் முன்னறையில் இருந்தது. மாடி டிவிக்கு வைஃபை எட்டவில்லை என்று பெரியப்பா கேட்டார். அம்மா அடிபட்ட அதே வாரம் நான்தான் ஜன்னல் வழியாக மாடிக்கு ஒரு வயர் இழுத்தேன். முந்தைய கனெக்ஷனின் பழைய பெட்டி பரண்மேல் சும்மா கிடந்தது. அதை எடுத்து மாடி டிவி ஸ்டாண்டில் வைத்து, வயரை அதில் சொருகினேன். பின்னால் ஐந்து ஓட்டைகள் இருந்தன. நாலு மஞ்சள், ஒன்று நீலம். மஞ்சளில் 'டக்'கென்று இறுக்கமாக உட்கார்ந்தது. அதிலேயே விட்டுவிட்டேன். "கைவேலைக்காரன்னா இவந்தான்" என்று பெரியப்பா முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கேபிள்காரரை வரச் சொன்னோம். தெற்கத்திக்காரர், நல்ல மனுஷர். அவர் வந்த அன்று பெரியம்மா பெருமாநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், மாடி பூட்டிக் கிடந்தது. லேப்டாப்பைச் சொருகி அரைமணி நேரம் பார்த்தார். நெட் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"அண்ணாச்சி, எங்க லைன்ல ஒரு கொறையும் கெடையாது பாத்துக்கிடுங்க. கோளாறு ஒங்க கம்ப்யூட்டர்லதான். வயசாயிட்டுல்லா அதுக்கு" என்றார்.

"எனக்குந்தான் வயசாயிருச்சு, நான் நிக்காம ஓடறனே" என்றேன் கோபத்தில். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். எனக்கு நெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பத்தாவது தாண்டாதவன். ஆனால் இருபது வருஷமாக நிட்டிங் மிஷினில் துணியில் விழுகிற கோளாறைக் கண்டுபிடிக்கிறவன். துணி இறங்கும்போது நீளவாக்கில் ஒரு கோடு விழுந்தால் ஏதோ ஒரு ஊசி கெட்டிருக்கிறது. குறுக்குவாக்கில் விழுந்தால் ஊசிமேல் குற்றமில்லை, உள்ளே வருகிற நூலில் குற்றம். முதலில் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் கை வைக்கிற மெக்கானிக் நல்ல ஊசிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுவான். இதையும் அப்படியே பார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஒரு அட்டையில் கட்டம் போட்டேன். கம்ப்யூட்டர், என் போன், அம்மா போன் என்று மூன்று கட்டம். நெட் நிற்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்தேன். ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் நிற்கவில்லை, போன்களும் சேர்ந்து திணறின. அப்படியென்றால் இது ஊசிக் கோடு இல்லை, கம்ப்யூட்டர்மேல் பழியில்லை. ஆனால் புதுப்பெட்டியில் வெளி லைனுக்கான பச்சை விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. வெளியிலிருந்து வருகிற நூலும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது.

"எல்லாத்தையும் கழட்டப் போறேன் அம்மிணி" என்றேன்.

"கழட்டுங்க. திருப்பி மாட்டத் தெரியுமுங்களா?"

"தெரியாட்டி உன்ற சீட்டு போறது நாளைக்கில்ல, இன்னைக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை.

புதுப்பெட்டியில் கம்ப்யூட்டர் வயரை மட்டும் விட்டேன். முக்கால் மணி நேரம் ஓடியது, நிற்கவில்லை. ஒரு போனைச் சேர்த்தேன், ஓடியது. இன்னொன்றைச் சேர்த்தேன், அப்போதும் ஓடியது. கடைசியாக மாடிக்குப் போகிற வயரைச் சொருகினேன். நாலே நிமிஷத்தில் நின்றது. பிடுங்கினேன், ஓடியது. மறுபடி சொருகினேன், நின்றது.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. படியேறிப் போய் வாசலில் நின்றே பெரியம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

"நங்கையா, உங்க சீரியல் ஓடி ஓடி எங்க நெட்டையெல்லாம் முழுங்குதுங்க! ஒரு வாரமா அவ அழுவாத கொறையா உக்காந்திருக்கறா!"

பெரியம்மா அரிவாள்மனையை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தார். "ஏனுங்க கொழுந்தனாரே, கண்ணு நல்லாத் தெரியுதுங்களா? டிவி எங்க ஓடுதுன்னு பாருங்க. காலைல இருந்து போடவேயில்ல. உங்க ஊட்டுக்குச் சேத்தித்தான் பீர்க்கங்காய் அரிஞ்சிட்டிருக்கறன்."

டிவி கறுப்பாக இருந்தது. சுவரில் ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. டிவி ஸ்டாண்டில், அதே ஸ்விட்ச்சில் போட்டிருந்த என் பழைய பெட்டி மட்டும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. முதல் இரண்டு நாள் நெட் ஏன் நன்றாக இருந்தது? அந்த இரண்டு நாளும் பெரியம்மா பகலெல்லாம் நம் வீட்டில் அம்மாவுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார். மேலே ஸ்விட்ச் அணைந்திருந்தது. அவர் மாடிக்குத் திரும்பிப் பத்து மணிக்கு ஸ்விட்ச் போட ஆரம்பித்த நாளில்தான் கோளாறும் ஆரம்பம். கேபிள்காரர் வந்த அன்றும் மாடி அணைந்திருந்தது. எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது.

கீழே இருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏனுங்க, ஸ்க்ரீன்ல என்னமோ வருதுங்க! இந்தக் கம்ப்யூட்டரோட நம்பரே இன்னொண்ணுக்கும் இருக்குதாம்!"

பழைய பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு ஸ்டிக்கர். இங்கிலீஷ் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் எண் தெரியும். 192.168.1.1 என்று போட்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்து புதுப்பெட்டியைக் கவிழ்த்தேன். அதன் அடியிலும் அதே எண், ஒரு புள்ளிகூட மாறாமல்.

அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "ரெண்டு கேட்டுல ரெண்டு வாட்ச்மேன் நின்னுக்கிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணாம் நம்பர்ல இருந்து டோக்கன் குடுத்தா எப்படி இருக்கும்? அதுதானுங்க நடந்திருக்குது."

அவள் சொன்னது சரி. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பெட்டிதான் எண் கொடுக்கிறது. வெளியே போகிற வழியும் அதுதான். நான் மாட்டிய பழைய பெட்டி சும்மா வழி விட்டு நிற்காமல், அதுவும் எண் கொடுத்து, அதுவும் 'வழி நான்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் பேச்சைக் கேட்டுப் போனதெல்லாம் வெளியே போக முடியாமல் நின்றுவிட்டது.

கெட்ட ஊசியைப் போட்டவன் நானேதான். அது தெரியாமல் கேபிள்காரரையும் பெரியம்மாவையும் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

வெட்கப்பட நேரமில்லை. பழைய பெட்டியை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அம்மா அந்த எண்ணை அடித்தாள். பாஸ்வேர்ட் கேட்டது, அதுவும் ஸ்டிக்கரிலேயே இருந்தது. ஒரு பக்கம் திறந்தது. அவள் படித்துச் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டேன்.

"இதோட நம்பர மாத்தலாமாமுங்க. கடைசி ஒண்ண என்ன பண்ணட்டும்?"

"ரெண்டுன்னு போடு."

"ரெண்ட புதுப்பெட்டி வேற யாருக்காச்சும் குடுத்திருந்தா? இருநூத்தி அம்பதுன்னு போடறன். கூட்டத்துக்கு அக்கட்டால நிக்கட்டும்." போட்டாள். "இன்னொண்ணு கேக்குது. மத்ததுக்கு நம்பர் குடுக்கற வேலைய இது பாக்கோணுமா வேண்டாமான்னு."

"வேண்டாம். வாட்ச்மேன் வேலை போச்சுன்னு சொல்லு."

பெட்டி ஒரு தடவை அணைந்து எரிந்தது. மாடிக்குக் கொண்டுபோய் வைத்து, அதே மஞ்சள் ஓட்டையில் வயரைச் சொருகினேன். இனி அது சும்மா வழி விடுகிற பெட்டிதான், ஓட்டையை மாற்ற வேண்டியதில்லை. டிவியையும் போட்டேன். பிறகு கீழே வந்து அட்டையில் புதிதாகக் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரமும் போயிற்று. ஒரு கட்டத்திலும் குறி விழவில்லை.

நான் மறுபடி படியேறினேன், இந்தத் தடவை மெதுவாக. "நங்கையா, தப்பு என்ற பேர்லதானுங்க. நான் மாட்டுன பெட்டிதான் அத்தனைக்கும் காரணம்."

"அப்படிங்களா? காலைல எம்பட டிவி மேல பழி போட்டீங்களே, அது கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றார் பெரியம்மா. நான் டிவியைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் சிரித்த சத்தம் கீழே அம்மாவுக்குக் கேட்டதாம். கேபிள்காரருக்கும் போன் போட்டுச் சொன்னேன். "வுடுங்க அண்ணாச்சி, எங்க ஆபீஸ்லயே இத எவனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்" என்றார். அது எனக்கு மெடல் மாதிரி.

வெள்ளிக்கிழமை எனக்கு நைட் ஷிப்ட். பகலில் வீட்டில்தான் இருந்தேன். பத்து மணிக்கு அம்மா தலை சீவி, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் வைத்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மாடியிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்து, "டிவி போடலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்றார்.

"போடுங்க. சத்தத்த மட்டும் கொறைங்க" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். ஆனால் சரி செய்தது சரியாகத்தான் இருக்கிறது என்றால் டிவியை அணைத்து வைத்து என்ன பிரயோஜனம்?

பெட்டி பெட்டியாகப் போனது. அம்மா இங்கிலீஷில் எண் சொல்ல, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் எஸ், எஸ் என்றது. பதினொன்றரை மணிக்குப் படம் அப்படியே உறைந்து நின்றது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன், எல்லா விளக்கும் பச்சை. என் போனில் நெட் ஓடுகிறது. அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் கழித்துப் படம் திரும்ப வந்தது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னது. அம்மா என் பக்கம் திரும்பி, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "கட் ஆனது அவங்க பக்கமுங்க! மன்னிப்புக் கேக்கறாங்க!"

ஒரு மணிக்குக் கடைசிப் பெட்டியும் முடிந்தது. மேனேஜர் போன் போட்டார். "அக்கா, கன்டெய்னர் கெளம்பிருச்சுங்க. கட்டுப் பிரிச்சு நீங்க நடந்து வர்ற வரைக்கும் உங்க சீட்டுல யாரையும் உக்கார விட மாட்டன். ஊட்டுல இருந்தே பாருங்க."

அம்மா போனை வைத்தாள். பெரியம்மா சோற்றுப் பாத்திரத்தோடு இறங்கி வந்தார். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள்.

நான் பின்பக்கம் போனேன். பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ் போட்டு, குழாயை முழுசாகத் திறந்து வாளியில் தண்ணீர் சத்தமாக விழ விட்டேன். பிறகு இரண்டு விரலை மடக்கி நாக்குக்கு அடியில் வைத்து, மூச்சை இழுத்து, ஒரு நீளமான விசில் அடித்தேன்.