நிற்காத த்ரெட்

பிரசவ ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அவர் ஒருவர்தான் ஆள். மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே, வரவேற்பில் இருக்கும் பெண் அவரைத் 'தாத்தா' ஆக்கிவிட்டாள். ஆயா முதல் டாக்டர் வரை அப்படியே கூப்பிட, மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கர்ப்பிணிகளின் போனுக்குத் தினமும் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சேதி போகும், இன்று குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று. அதில் மகள் பெயரை ஏற்றியதும் அவர்தான்.

ஆறாம் மாதம் குழந்தை தங்கவில்லை. அப்புறம் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அவரை 'சார்' என்றார்கள்.

வேலைக்குத் திரும்பியதும் முதலில் மகள் பெயரை நீக்கினார். இப்படிக் குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் பெயர் இனித் தானாகவே நீங்கும்படி சேதி அனுப்பும் ஜாவா புரோகிராமையும் திருத்தி ஏற்றினார். சர்வரை நிறுத்தவில்லை. பிரசவ வார்டின் வேலையும் அதில்தான் ஓடுகிறது. ஓடுகிறபோதே பழையதை எடுத்துப் புதியதை வைப்பது அவருக்குக் கைவந்த பழக்கம்.

மறுநாள் காலையில் மகளின் போன் சிணுங்கியது. 'இன்று குழந்தைக்கு உங்கள் குரல் கேட்கும். பேசிப் பாருங்கள்.'

மகள் போனை அவர் முன்னால் வைத்தாள். "இதைக்கூட உங்களால நிறுத்த முடியலையாப்பா?"

ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ப் பார்த்தார். பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அடுத்த நாளும் சேதி வந்தது. மகள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். அவர் மனைவியோ, வீட்டில் இருக்கிற ஒரே சர்வர்காரர் நீங்கள்தானே என்பதுபோல் பார்த்தாள்.

வரவேற்புப் பெண்தான் துப்புக் கொடுத்தாள். எல்லாருக்கும் சேதி ரெண்டு ரெண்டாகப் போகிறதாம். "ஒரு அம்மா என்கிட்ட சண்டை சார். எனக்கு ரெட்டைப் புள்ளையா, டாக்டர் மறைக்கிறாரான்னு கேக்கறாங்க."

அவர் சிரிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாருக்கும் ரெண்டு. மகளுக்கு மட்டும் ஒன்று.

அந்தப் புரோகிராம் கிளம்பும்போது ஒரு த்ரெட்டைக் கிளப்பிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று, தினமும் சேதி அனுப்புகிற ஆள் மாதிரி அது. சர்வருக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தார். ஒரே பெயரில் ரெண்டு த்ரெட். புரோகிராமை மாற்றியபோது, பழைய த்ரெட்டிடம் போ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லும் வரியை அவர் எழுதவே இல்லை. அது தன் பழைய பெயர்களை மனசில் வைத்துக்கொண்டு, பாவம், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அந்த வரியை எழுதிச் சேர்த்தார். பழையதை ஒழிக்க சர்வரை ஒருமுறை நிறுத்தியே ஆக வேண்டும். தலைமை நர்ஸம்மா, வார்டு இப்போது சும்மாதான் இருக்கிறது என்று சம்மதம் சொன்னார். நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தவர், எடுத்துவிட்டு மகளைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ அதுக்குள்ள இன்னும் இருக்காப்பா?"

"இருக்கும்மா."

"வளருதா?"

"ம்."

"நாளைக்கு என்ன சொல்லும்?"

தேடி எடுத்துப் படித்தார். "குழந்தை இப்போது கண்ணைத் திறந்து மூடும்."

அவள் அதை மெல்லத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா. நிறுத்திடுங்க" என்றாள்.

நிறுத்தினார். மறுபடி கிளப்பியபோது ஒரே ஒரு த்ரெட்தான் இருந்தது. சரியாகச் செய்த வேலை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மூவரும் காப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். மகளின் போன் இன்று மல்லாந்து கிடந்தது. சேதி வரும் நேரம் வந்தது, போனது. காப்பி ஆறிப்போயும் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.