அக்கா எழுதாத காட்சி

பதினோராவது டேக்கில் கதாநாயகியின் காதுத் தோடு கழன்று சுவரில் பட்டுத் தெறித்தது. அசோக் நகரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் படப்பிடிப்பு. நான் உதவி இயக்குநர். கணவனாக நடித்தவர் நிஜமாகவே அறைந்துகொண்டிருந்தார். டைரக்டருக்கு அப்படித்தான் வேண்டும். அந்தப் பெண்ணின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன. மானிட்டர் பக்கம் நின்றிருந்த அக்கா (செட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்), படத்துக்கு வசனம் எழுதியவர், "இது நான் எழுதுன சீன் இல்ல சார், நிறுத்துங்க" என்றார். டைரக்டர் திரும்பினார். கையில் சுருட்டி வைத்திருந்த வசனக் காகிதங்களால் அக்காவின் முகத்தில் ஓங்கி ஓர் அடி. மூக்கில் ரத்தம். முப்பது பேர் நின்றிருந்தோம். மேக்கப்காரர் மட்டும் கொஞ்சம் பஞ்சு கொடுத்தார். பன்னிரண்டாவது டேக் ஓகே ஆனது.

அக்கா ஈக்காட்டுத்தாங்கல்காரர். லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்து, புருஷனிடம் ஆறு வருஷம் அடிவாங்கி, ஒரு நாள் அடித்த கையையே கடித்துவிட்டு வெளியே வந்தவர். அவர் எழுதிய காட்சியில் அடியே கிடையாது. கணவன் கதவைச் சாத்துவான். பக்கத்து வீட்டுக்காரி டிவி சத்தத்தைக் கூட்டுவாள். அவ்வளவுதான். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

படத்தில் வந்ததோ ஏழு நிமிட அடி. முடிவில் மனைவி அவன் காலைப் பிடித்து அழுவாள். தியேட்டரில் விசில். ரசிகர்கள் ஓட்டுப் போட, ஒரு டிவி சேனல் அந்தக் காட்சிக்கே சிறந்த வசன விருதைக் கொடுத்தது. அக்கா மேடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த சிலையை மாடிப்படியில் உருட்டிவிட்டார். கீழே தலை தனியாகக் கிடந்தது. "கை தட்டுனவன் ஊட்டுக்குப் பூடுவான் நைனா. கூட எழுதுறவன் மூஞ்சிலதான் நாம டெய்லி முழிக்கணும்" என்றார். அவர் காத்திருந்தது எழுத்தாளர் சங்கத்தின் விருதுக்கு.

சங்கத்தில் படத்தை வைத்து ஓட்டுப் போடமாட்டார்கள். தி. நகர் அலுவலக மாடியில் கூடி, பைண்டு செய்த வசனப் பிரதியை உரக்கப் படித்துக் கை தூக்குவார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அக்காவின் நம்பிக்கையே அதுதான். படம் எப்படிப் போனால் என்ன, காகிதம் தன்னுடையதுதானே.

காகிதத்தை டைப் செய்தவன் நான். செட்டில் அன்றன்று மாறுவதைக் கம்ப்யூட்டரில் பழைய காட்சியின் மேலேயே அடித்துச் சேமிப்பது எங்கள் பழக்கம். அக்காவின் கையெழுத்து நோட்டு கம்பெனியில் எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. என் பிரதிதான் சங்கத்துக்குப் போனது, அந்த ஏழு நிமிடத்தோடு, அட்டையில் அக்கா பெயரோடு, அக்கா திறந்து பார்க்காமலே.

பிரதியைக் கொண்டுபோன நானும் அன்று மாடியில் ஓரமாக நின்றிருந்தேன். படித்து முடித்ததும் மூத்த வசனகர்த்தா ஒருவர் பிரதியை அக்காவின் மடியில் விட்டெறிந்தார். "பொம்பளயா இருந்துகினு இத எழுத உனக்கு எப்டிமா கை வந்துச்சி?"

அக்கா விதியை மீறி எழுந்தார். "நான் எழுதுனது இது இல்ல. இவனக் கேளுங்க, இவன்தான் டைப் அடிச்சான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுத்த படத்தில் என்னை இணை இயக்குநராக வைத்துக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருந்தார்.

"எனக்குக் குடுத்ததத்தான் அடிச்சேன்" என்றேன்.

ஒரு கைகூட எழவில்லை. படியிறங்கும்போது அக்கா என்னை அறைந்தார். என் மூக்குக்கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. அதன் பிறகு அவர் எழுதவேயில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன; இப்போது சங்க உறுப்பினனாக அந்த ஓட்டெடுப்பில் நானும் உட்காருகிறேன். போன மாதம் அடையாறில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவைப் போய்ப் பார்த்தேன். சங்கத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சிரித்தார்.

"யாராண்ட சொல்லுவ? அன்னிக்கு கை தூக்காதவன்ல பாதிப் பேரு செத்துட்டான்."

மீதிப் பாதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். அந்தக் காட்சி அக்காவுடையதல்ல. அவர் எழுதியதை அழித்தவன் நான். கேட்டபோது சொல்லாதவனும் நான்தான்.